அவசரப்பட்டது அண்ணன் அல்ல

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் என் வணக்கம். வரும் திதியோடு எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. வழக்கமாக இப்படிப்பட்ட மலரைத் திதி அன்று சாப்பாடு முடிந்து கிளம்பும்போது தாம்பூலத்தோடு கையில் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போனதும் அது பீரோ மேல் ஏறிவிடும். நான் அப்படிச் செய்யவில்லை. பத்து நாள் முன்னதாகவே வீடு வீடாகக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எல்லோரும் இதைப் படித்துவிட்டுத் திதிக்கு வரவேண்டும். குறிப்பாகச் சித்தப்பா படித்துவிட்டு வரவேண்டும்.

அண்ணனைப் பற்றி நம் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் நல்லவர், ஆனால் அவசரக்காரர் என்பார்கள். நல்லவர் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அவசரக்காரர் என்பது தவறு. அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது, யாரால் வந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் வாழ்க்கையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அண்ணன் பிறந்தது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் பழைய வீட்டில். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பயிர் செய்த நிலம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. நான் பிறந்தபோது அண்ணனுக்கு ஒன்பது வயது. ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். டிவி, மிக்ஸி போன்றவற்றை அட்டைப் பெட்டிக்குள் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் வெள்ளைத் தெர்மாகோல் இருக்கிறதே, அதை அச்சில் வார்க்கும் தொழிற்சாலை அது. அப்பா தவறியதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். நிலத்தைப் பார்ப்பார் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவர் எங்கோ மூடிக் கிடந்த ஒரு பட்டறையிலிருந்து பழைய தெர்மாகோல் வார்ப்பு இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். வேங்கிக்காலைத் தாண்டி ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார். அம்மா அந்த இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதற்குத் தீனி என்ன போடுவாய் என்று கேட்டார்.

அதன் தீனி மணி. தெர்மாகோல் என்பதை முழுப் பலகையாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு அது மணியாகப் பிறக்கிறது என்பது தெரியாது. மூட்டையில் வரும்போது சர்க்கரை போல் பொடிப்பொடியாக இருக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் கொஞ்சம் வாயு அடைபட்டிருக்கும். நீராவி பட்டதும் அந்த வாயு விரிந்து மணி பொரியாகப் பொரிந்துவிடும். ஒரு மூட்டை மணி ஒரு அறையை நிறைத்துவிடும். பொரிந்த மணியை அலுமினிய அச்சுக்குள் நிரப்பி மறுபடி நீராவி விட்டால், மணிகள் இன்னும் கொஞ்சம் உப்பி, இடம் இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீரால் குளிர்வித்து அச்சைத் திறந்தால் பெட்டி வரும். அந்தப் பெட்டியில் பிளாஸ்டிக் என்று இருப்பது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் காற்று. உள்ளே அடைபட்ட அந்தக் காற்றுதான் சூட்டை உள்ளே விடாது, குளிர்ச்சியை வெளியே விடாது. "நாம விக்கறது காத்துதான், ஆனா ஒழுங்கா அடச்ச காத்து" என்று அண்ணன் சொல்வார்.

நடுவில் ஒரு வேலை இருக்கிறது. பொரிந்த மணியை உடனே அச்சில் போடக்கூடாது. சூடு தணியும்போது மணிக்குள் வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்று மெல்ல மெல்ல உள்ளே புகுந்து அதை நிரப்ப வேண்டும். அதற்கு மணியைப் பெரிய துணிப் பைகளில் கொட்டி ஓர் இரவாவது தொங்கவிட வேண்டும். ஷெட்டில் அதை ஆறப் போடுவது என்போம், அச்சில் வார்ப்பதை அடிப்பது என்போம். ஆறாத மணியில் அடித்த பெட்டி அச்சிலிருந்து வரும்போது அழகாகத்தான் இருக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் பக்கங்கள் உள்ளே ஒடுங்கும்.

அண்ணனுக்குத் தொழிற்சாலையில் இயந்திரத்தைப் பழுது பார்க்கத் தெரியும். பொருளைச் செய்யத் தெரியாது. எனக்கு அதுவும் தெரியாது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு நான் ஷெட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு பேரும் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டோம். நீராவி ஜாஸ்தியானால் பெட்டியின் மேல்தோல் உருகிப் பளபளக்கும். கம்மியானால் மணிகள் ஒட்டாது. ஒட்டியதா என்று பார்க்கப் பெட்டியைக் கையால் உடைத்துப் பார்ப்போம். உடைந்த இடத்தில் மணிகளே பிளந்திருந்தால் நல்ல பெட்டி. மாதுளை முத்து போல் முழுசு முழுசாக உதிர்ந்தால் தள்ளுபடி. முதல் இரண்டு மாதம் நாங்கள் உடைத்ததுதான் மிச்சம். ஒரு நாள்கூட அண்ணன் குரலை உயர்த்தியதில்லை. அச்சு இறுகிக் கிடந்தால் அது சூடு தணிந்து தானாக விடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான்தான் சுத்தியலைத் தேடுவேன். இப்போது சொல்லுங்கள், எங்கள் வீட்டில் அவசரம் யாருடையது?

நான் ஷெட்டுக்குப் போவது சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்குப் பிறகு குடும்பத்தில் பெரியவர் அவர். பாய்லர் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று அம்மாவிடம் பல தடவை கேட்டார். எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில் அண்ணன் போய்ப் பேசினார். ஒரே ஒரு தப்பு நடக்கட்டும், அன்றோடு அவள் வீட்டில் இருக்கவேண்டும் என்று சித்தப்பா ஒப்புக்கொண்டார். எங்கள் வீட்டில் சித்தப்பா ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான்.

சிரிப்பாக ஒன்று. ஒரு நவராத்திரிக்கு மாமா கேட்டார் என்று அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து தெர்மாகோலில் பதினோரு நிலைக் கோபுரம் ஒன்று அறுத்துக் கொடுத்தார். பார்த்தவர்கள் ராஜகோபுரத்தையே கொண்டுவந்து கொலுவில் வைத்தது போல் இருக்கிறது என்றார்கள். மாமாவுக்கு அது போதவில்லை. கடையில் ஸ்ப்ரே பெயிண்ட் வாங்கிவந்து தங்க நிறம் அடித்தார். அந்தப் பெயிண்டில் உள்ள கரைப்பானும் பெட்ரோலும் தெர்மாகோலுக்கு எமன். அடிக்க அடிக்கக் கோபுரம் நிலை நிலையாகக் கரைந்து உள்ளே இறங்கியது. மாமா பெயிண்ட் டப்பாவும் கையுமாக நின்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மறுபடி மூன்று நாள் உட்கார்ந்து இன்னொன்று அறுத்துக் கொடுத்தார். மாமா, இதை எழுதியதற்கு மன்னிக்கவும். அண்ணன் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பார்.

தெர்மாகோல் தட்டு, டம்ளர் செய்துகொடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானம் நடக்கும் ஊர், விற்பனைக்குக் கேட்கவே வேண்டாம். அண்ணன் ஒரு தட்டுகூடச் செய்யவில்லை. அரசாங்கம் தடை செய்வதற்கு வெகு முன்பே அவர் மறுத்துவிட்டார். ஒருமுறை சாப்பிட்டு எறிவதற்கு இல்லை இது என்பார். நான்கு தடவை, ஐந்து தடவை சுமக்கும் பெட்டிதான் எங்களிடம் உண்டு. உடைந்த பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தால் வாங்கி அரைத்து, டிவி, மிக்ஸிக்கு முட்டுக்கொடுக்கும் தெர்மாகோல் சட்டங்களுக்கான மணியோடு கலந்துவிடுவார்.

இனி, நான் சொல்ல வந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் சித்தப்பா மல்லிகையில் இறங்கினார். சென்னையில் வெளிநாட்டுக்குப் பூ அனுப்பும் ஒருவர், மொட்டு விரியாமல் வந்து சேர்ந்தால் தினமும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதை நம்பிச் சித்தப்பா பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து மல்லி வைத்தார். மொட்டு சூட்டில் மலர்ந்துவிடும், மலர்ந்தால் பழுத்துவிடும். ஐஸ் வைத்து அனுப்பத் தெர்மாகோல் பெட்டி வேண்டும். முதல் லோடுக்கு அறுபது பெட்டி எங்களிடம் கேட்டார்.

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் பறித்து, கூட்டம் கலைந்ததும் வண்டி கிளம்புவதாக ஏற்பாடு. பௌர்ணமி அன்று மதியத்துக்கு மேல் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அன்று பகல் பதினோரு மணிக்கே பெட்டி அடி அண்ணாமலைக்குப் போயாக வேண்டும். மூடிகளை முன்கூட்டியே அடித்துவைத்துவிட்டோம். பெட்டிக்கு மணி பொரிக்க வேண்டிய முந்தின நாள் மாலையில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றுபோனது. அண்ணன் வேறோர் அச்சின் உடைந்த பாகத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தார். பம்பைச் சரிசெய்து நான் மணி பொரித்தபோது பௌர்ணமி அன்று காலை ஆகிவிட்டது.

அண்ணனுக்கு ஃபோன் செய்து சொன்னேன். "இன்னைக்கு அடிக்காத. மணி ஆறட்டும். சித்தப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். நானே சித்தப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் நம்பி ஃபோனை வைத்துவிட்டார்.

நான் சொல்லவில்லை. சித்தப்பாதான் எனக்கு ஃபோன் செய்தார். பெட்டி தயாரா என்று கேட்டார். இல்லை என்றால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு தப்பு என்ற அந்தச் சொல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தயார் சித்தப்பா, பதினோரு மணிக்கு வண்டி அனுப்புங்கள் என்றேன். எங்களோடு வேலை செய்த வள்ளியம்மா அக்கா, மணி இன்னும் சூடாகவே இருக்கிறதே என்று கேட்டார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆறாத மணியை அச்சில் நிரப்பினேன். பெட்டி பால் போல் வந்தது. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். மணி எல்லாம் அழகாகப் பிளந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பெருமை வேறு வந்தது. ஒட்டுதல் நன்றாக இருந்தால் பெட்டியும் நன்றாக இருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் அண்ணன் மறுநாள் மதியம்தான் வந்து சேர்ந்தார். ஷெட்டின் மூலையில் மீந்துபோன மூன்று பெட்டிகள் இருந்தன. பசித்த வயிறு போல நான்கு பக்கமும் ஒட்டிப்போயிருந்தன. அண்ணன் ஒன்றை எடுத்து மேலே மூடியை வைத்தார். மூடி ஆடியது. என்னிடம் ஒன்றும் கேட்காமல் உடனே சித்தப்பாவுக்கு ஃபோன் செய்தார். வண்டியை வழியில் நிறுத்தச் சொல்லக்கூட நேரமில்லை. பூ அதற்குள் சென்னையில் இறங்கியிருந்தது. மூடி உட்காராத பெட்டிகளைச் சித்தப்பாவின் ஆட்கள் டேப் சுற்றி அனுப்பியிருந்தார்கள். பிரித்தபோது ஐஸ் தண்ணீராகி, மொட்டெல்லாம் மலர்ந்து பழுத்திருந்ததாம். சென்னைக்காரர் அதோடு பேச்சை முறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சித்தப்பா ஷெட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி இருந்தது. வேலை செய்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"யாருடா அடிச்சது இத?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் சித்தப்பா. வண்டி போயிடுமேன்னு அவசரப்பட்டுட்டேன்."

அண்ணன் சென்னையில் இருந்தது சித்தப்பாவுக்குத் தெரியாது. தெரிந்த வள்ளியம்மா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா அண்ணனைக் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். அண்ணனை நம்பிக் குத்தகைக்கு எடுத்த நிலத்தைப் பற்றியும், இனி அந்தப் பூவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதைப் பற்றியும் கேட்டார். போகும்போது சித்தப்பா என்னைப் பார்த்து, குரலைத் தணித்துச் சொன்னார். "படிச்ச பொண்ணு, நீயாவது அவன தடுத்திருக்கக் கூடாதாம்மா?"

அந்த வார்த்தையை நான் இன்றுவரை சுமக்கிறேன்.

அவர் போன பிறகு, நான் இப்போதே அடி அண்ணாமலைக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று அழுதேன். அண்ணன் அந்தப் பெட்டியை உடைத்து அரைக்கும் மூட்டையில் போட்டுக்கொண்டே சொன்னார். "நீ சொன்னா நாளைக்கு நீ இங்க வர முடியாது. நான் சொன்னா நாளைக்கும் நான் வருவேன். அவ்ளோதான். போய் பாய்லரைப் பாரு."

மறுநாள் நானும் வந்தேன். அதற்கு அடுத்த நாளும் வந்தேன். இன்று அந்த ஷெட்டில் மூன்று இயந்திரம் ஓடுகிறது. மருந்துப் பெட்டியும் நாற்றுத் தட்டும் நான் வடிவமைத்த அச்சில் வருகின்றன. கல்யாணத்துக்குப் பிறகும் என் கணவர் வீட்டார் என்னை வேலைக்கு அனுப்பினார்கள் என்றால், எனக்குத் தொழில் தெரியும் என்பதால் அனுப்பினார்கள். அந்தத் தொழில் எனக்கு அண்ணன் வாங்கிய பழியில் கிடைத்தது.

அவருக்குக் கிடைத்தது வேறு. சித்தப்பா பத்து வருஷம் அவரோடு பேசவில்லை. அண்ணன் மகளின் காதுகுத்துக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பந்தியில் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைக்காமல் பார்த்துக்கொள்வது சொந்தக்காரர்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது. அவசரக்காரன் என்ற பெயர் அண்ணனோடு ஒட்டிக்கொண்டது. சாம்பார் சீக்கிரம் கேட்டால்கூட அவசரக்காரனுக்கு முதலில் ஊற்று என்று கிண்டல் செய்தார்கள். அண்ணன் தானும் சேர்ந்து சிரிப்பார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் வருஷம் பயத்தில் சொல்லவில்லை. பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற வெட்கத்தில் சொல்லவில்லை. அண்ணனிடம் இரண்டு மூன்று தடவை பேச்செடுத்தேன். விடு, ஆறிப்போச்சு என்று முடித்துவிடுவார்.

இரண்டு வருஷம் முன்பு அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அதோடு போடவேண்டிய ஊசி மருந்து குளிர்ச்சியாகவே இருக்கவேண்டும். எங்கள் பெட்டியில்தான் ஐஸ் வைத்து எடுத்துப்போவோம். ஒவ்வொரு தடவையும் மூடியை அழுத்திப் பார்த்து, ஆடுகிறதா என்று என் முகத்தைப் பார்ப்பார். கிண்டல் செய்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

கடைசி வாரத்தில் சித்தப்பா மருத்துவமனைக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போனது போவட்டும்டா. நான் மன்னிச்சுட்டேன். நீ மனசுல ஒண்ணும் வச்சிக்காத."

"நீங்க சொன்னதே போதும் சித்தப்பா" என்றார் அண்ணன்.

நான், "சித்தப்பா..." என்று ஆரம்பித்தேன். அண்ணன் என்னைப் பார்த்து, "சித்தப்பாவுக்கு டீ வாங்கினு வாம்மா" என்றார். நான் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் மல்லிச் செடிக்குக் கவாத்து எப்போது செய்வது என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பல மாதமாகப் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தைரியம் வரவில்லை என்பதே உண்மை. நான்காம் நாள் அண்ணன் போய்விட்டார்.

எடுக்கும்போது வாசலில் யாரோ, எதிலும் அவசரம், இதிலும் அவசரப்பட்டுவிட்டான் என்று சொல்லி அழுதார்கள். அன்பில்தான் சொன்னார்கள். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல் இருந்தது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் படித்துக்காட்டினேன். அண்ணிக்கே இது தெரியாது. அண்ணன் அவரிடமும் சொல்லியிருக்கவில்லை. மகளின் காதுகுத்துக்கு யாரும் வராததற்கு அண்ணி அன்று அண்ணனோடு சண்டை போட்டவர். படித்து முடித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, "அன்னைக்கு அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டனே" என்றார். என்னை ஒன்றும் திட்டவில்லை. போடு, ஒரு வரியும் குறைக்காமல் போடு என்று மட்டும் சொன்னார்.

அண்ணனின் நோய்க்காலத்தில் உடனிருந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வாரம் மூன்று முறை முகம் சுளிக்காமல் ஏற்றி இறக்கிய ஆட்டோக்கார அண்ணனுக்கும், டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த அடி அண்ணாமலை இளைஞர்களுக்கும் நன்றி. ஷெட்டை ஒரு நாளும் நிற்கவிடாத தொழிலாளிகளுக்கு நன்றி. அன்று தலையைக் குனிந்துகொண்டு, இன்றுவரை வாய் திறக்காத வள்ளியம்மா அக்காவுக்குத் தனியாக நன்றி. இனி நீங்கள் தலை நிமிரலாம் அக்கா. பகையை மறந்து மருத்துவமனைக்கு வந்த சித்தப்பாவுக்கு நாங்கள் என்றும் நன்றியோடு இருப்போம். நீங்கள் வந்ததால்தான் அண்ணன் நிம்மதியாகப் போனார்.

அண்ணனுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இந்த ஓராண்டும் யோசித்தேன். அவருடைய பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. இனி யாரும் அவரை அவசரக்காரர் என்று சொல்லாதீர்கள். சொல்லத்தான் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

சித்தப்பா, அண்ணனுக்கு நீங்கள் கொடுத்த மன்னிப்பு அவருக்குத் தேவையே இல்லாதது. தேவைப்பட்டவள் நான். நானோ டீ வாங்கப் போய்விட்டேன். அதை எனக்கும் கொடுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. திதி அன்று பந்தியில் நான்தான் பரிமாறுவேன். எல்லோரும் இருப்பார்கள். அண்ணனை எல்லோர் முன்னாலும்தான் கேட்டீர்கள். யார் அடித்தது என்று அன்று கேட்டதை, அதே குரலில் என்னிடம் இன்னொரு தடவை கேளுங்கள். இந்தத் தடவை குறுக்கே வந்து நிற்க அண்ணன் இல்லை. நானே பதில் சொல்கிறேன்.